காரணமும் பராமரிப்பும்: யூத சிந்தனையில் ஒரு வினா

நிகழ்வன யாவற்றுக்கும் காரணம் உண்டு என்பது அறிவியலின் அடிப்படைக் கோட்பாடு. உலகை ஆள்பவன் ஒருவன் உளன், அவன் உயிர்களைப் பேணுகின்றான் என்பது இறைநம்பிக்கையுடைய சமயங்களின் அடிப்படைக் கோட்பாடு. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடுமா என்னும் வினா மிகப் பழையது. வாழ்வு இடரின்றிச் செல்லுங் காலத்தில் இவ்வினா வகுப்பறையோடு அமைந்துவிடும். இடர் வந்துற்றபோதோ இறந்தோரின் வீட்டு முற்றத்தில் அது கேட்கப்படும். அங்கே சொல்லப்படும் விடை ஒருவரை ஆற்றவும் கூடும். ஆறாத புண்ணாக்கவும் கூடும். எனவே இது வெறும் தத்துவ வினா அன்று. ஓர் அறவியல் வினாவும் ஆகும்.

கொழும்பு மாநகரின் வடபால் கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைக் கடற்கரை இவ்வினாவை ஆராய்வதற்கு வாய்ப்பான ஓரிடம். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், கடல் கரையை அரித்து உட்புகுவதைக் கண்டு அஞ்சிய மீனவர், மறைந்து பணிபுரிந்த அந்தோனியோ என்னும் குருவை நாடினர் என்றும், அவர் கரையிற் சிலுவை நட்டுச் செபிக்கக் கடல் பின்வாங்கியது என்றும் புனித அந்தோனியார் திருத்தலத்தின் மரபு கூறுகின்றது. அவ்விடத்துக்கு அண்மையிலேயே, 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1885ஆம் ஆண்டில் நிறைவெய்திய கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பணை இன்றும் கடலைத் தடுத்து நிற்கின்றது. ஒரே கடலை ஒரு தலைமுறை செபத்தால் எதிர்கொண்டது. பிறிதொரு தலைமுறை கல்லாலும் கணக்காலும் எதிர்கொண்டது. அணை கட்டப்பெற்ற பின்னரும் திருத்தலத்திற்கு வருவோர் குறையவில்லை. கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வருகின்றனர். மக்கள் வாழ்வில் இவ்விரண்டும் அருகருகே நிற்கின்றன என்பது வெளிப்படை. சிந்தனையிலும் அவ்வாறு நிற்றல் கூடுமா என்பதே கேள்வி.

இக்கேள்வியை நெடுங்காலம் விடாது ஆராய்ந்த மரபுகளுள் யூத மரபு குறிப்பிடத்தக்கது. ஈழத்துத் தமிழறிஞர்க்கு அம்மரபு முற்றிலும் புதியதன்று. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்ட ஆறுமுக நாவலர், பழைய ஏற்பாட்டிற் காணப்படும் இஸ்ரவேலரின் ஆலய வழிபாட்டு முறைகளை நன்கு கற்றிருந்தார். 1854ஆம் ஆண்டில் வெளிவந்த சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்தோர்க்கு அவ்வறிவைக் கொண்டே மறுமொழி கூறினார். ஆயின் அவ்வொப்பீடு பெரிதும் கிரியையைப் பற்றியது. காரணகாரியம், இறைபராமரிப்பு ஆகியவை பற்றி யூத ஞானியர் நிகழ்த்திய வாதங்கள் தமிழிற் போதிய அளவு பேசப்படவில்லை.

இயற்கை தனக்கென ஒரு நியதி உடையது என்பதைத் தல்முத்து ஞானியர் உணர்ந்திருந்தனர். ஒருவன் பிறனுடைய விதையைக் களவாடித் தன் நிலத்தில் இடுகின்றான். அறத்தின்படி அவ்விதை முளைத்தல் தகாது. எனினும் அது முளைக்கின்றது, பயனும் தருகின்றது. ஏனெனில் உலகம் தன் வழக்கப்படி இயங்குவது என்று அவர்கள் விளக்கினர். மண்ணும் நீரும் விதைத்தவனின் ஒழுக்கத்தை விசாரிப்பதில்லை. குற்றத்திற்குரிய தீர்ப்பு உண்டு. ஆயின் அது முளைவிடும் விதையிடத்தே தேடப்படுவதன்று. அறவொழுங்கையும் இயற்கையொழுங்கையும் பிரித்துணரும் நுண்மை இவ்வெளிய எடுத்துக்காட்டில் அடங்கியுள்ளது.

இந்நுண்மை பின்னாளில் இருவேறு திசையில் வளர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த நாக்மனிடீஸ், நாளாந்த நிகழ்ச்சிகள் யாவும் மறைந்து நிகழும் அற்புதங்களே என்றார். மழை பெய்தலும் நோய் தீர்தலும் இயற்கை போலத் தோன்றினும் அவை இறைவனது நேர்ச்செயலே என்பது அவர் கருத்து. அவருக்கு முந்திய மைமோனிடீஸ் (1138–1204) இதற்கு மாறான திசையிற் சென்றவர். கொர்தோவாவிற் பிறந்து எகிப்திற் குடியேறி, சுல்தான் சலாகுதீனின் அமைச்சருக்கு மருத்துவராய் விளங்கிய அவர், அற்புதங்களுங்கூடப் படைப்பின்போதே இயற்கையினுள் அமைக்கப்பெற்றவை என்று கருதும் அளவுக்கு இயற்கை நியதியை மதித்தார். கோள்கள் மனிதர் விதியை வரைகின்றன என்னும் சோதிடக் கொள்கை சான்றற்றது எனத் தென்பிரான்ஸ் அறிஞர்க்கு எழுதிய மடலிற் கடிந்துரைத்தார்.

அவரது 'கலங்கினோர்க்கு வழிகாட்டி' என்னும் நூலின் மூன்றாம் பகுதி, பராமரிப்புப் பற்றி ஐந்து கொள்கைகளை வகுத்துரைக்கின்றது. எல்லாம் தற்செயல் என்பது எபிக்கூரஸ் கொள்கை. விண்ணுலகும் உயிரினங்களின் பொதுவகையும் பேணப்படுகின்றன, தனியுயிர்கள் பேணப்படுவதில்லை என்பது அரிஸ்ரோட்டில் கொள்கை. மரத்தினின்று உதிரும் ஓர் இலையும் இறைவனது தனிவிருப்பாலேயே உதிர்கின்றது என்பது இஸ்லாமிய அறிஞருள் அஷ்அரியர் கொள்கை. விலங்குகளுக்கும் நீதியின்படியே துன்பமும் கைம்மாறும் அளக்கப்படுகின்றன என்பது முஃதசிலாக்கள் கொள்கை. மனிதன் சுதந்திரமுடையவன், அவனுக்கு நேர்வன நீதியின் பாற்பட்டவை என்பது மோசேயின் சட்டத்தைத் தழுவிய கொள்கை. மைமோனிடீஸ் ஐந்தாவதைத் தமக்கே உரிய முறையில் ஏற்கின்றார். மண்ணுலகில் மனிதர் மட்டுமே தனித்தனியே பேணப்படுகின்றனர். அதுவும் அவரவர் அறிவின் அளவுக்கேற்பவே என்பது அவர் முடிபு.

அரிஸ்ரோட்டில் கொள்கையின் வெறுமையைக் காட்ட அவர் கையாளும் எடுத்துக்காட்டு வன்மையானது. எருதின் சாணம் வீழ்ந்து எறும்புகள் மாள்வதும், வழிபாட்டு மண்டபம் இடிந்து வழிபடுவோர் மாள்வதும் அக்கொள்கையில் ஒரே தன்மையன. மைமோனிடீஸ் இதனை ஏற்கவில்லை. கப்பல் மூழ்குவது இயற்கைக் காரணங்களாலான தற்செயலாகலாம். ஆயின் அக்கப்பலில் அம்மனிதர் ஏறியமை தற்செயலன்று, நீதியின்படி அமைந்த இறைவிருப்பமே என்கின்றார். அந்நீதியின் முறை மனித அறிவுக்கு எட்டாதது என்பதையும் அவ்விடத்தே சேர்த்துரைக்கின்றார்.

இக்கப்பல் ஏட்டிற் பிறந்த கற்பனை மட்டும் அன்று எனக் கருத இடமுண்டு. மைமோனிடீசின் தம்பி தாவீது வணிகர், குடும்பத்தைத் தாங்கியவர். அவர் இந்துமாக்கடலிற் கப்பலோடு மாண்டார். அச்செய்தி கேட்ட மைமோனிடீஸ் ஏறத்தாழ ஓராண்டு நோயுற்றுக் கிடந்தார் என்பதும், ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் அத்துயர் தீரவில்லை என்பதும் அவர் எழுதிய மடலொன்றால் அறியப்படுகின்றன. தம்பி தமக்குரிய தண்டனையைப் பெற்றார் என்று அம்மடல் பேசவில்லை. பேணி வளர்த்த தம்பியை இழந்த தமையனின் அழுகையே அங்கு உள்ளது. கோட்பாடு ஒன்றை நிறுவிய அதே அறிஞர், தம் வீட்டுத் துயரில் அக்கோட்பாட்டைத் தீர்ப்பாக்கவில்லை.

இவ்விடத்தே ஒரு தடை எழும். கப்பலில் ஏறியமை நீதியின்படி நிகழ்ந்தது என்றால், மாண்டோர் யாவரும் அதற்குரிய குற்றம் உடையோர் என்றாகாதா? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி காலை கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டு, வெள்ளவத்தைக் கரையோரமாகச் செல்லும் தண்டவாளத்தின் வழியே தென்திசை சென்ற புகைவண்டியைப் பெரலியவில் ஆழிப்பேரலை தாக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நத்தாருக்கு மறுநாள் உறவினரைக் காணச் சென்றோரும் குழந்தைகளும் அதில் இருந்தனர். அவர்கள் அவ்வண்டியில் ஏறியதற்கு நீதி காரணம் என்று எவரேனும் கூறின், கேட்போர் மனம் அதனை ஏற்குமா?

இதற்கு விடை யோபின் வரலாற்றிலும் அதனை யூத மரபு கையாண்ட முறையிலும் உள்ளது. யோபு நேர்மையாளன்; செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழக்கின்றான். அவனைக் காண வந்த நண்பர்கள் முதலில் வாய்பேசாது உடனிருந்தனர். பின்னரோ, குற்றமின்றித் துன்பமில்லை என்று தருக்கம் தொடுத்தனர். நூலின் முடிவிற் கடிந்துகொள்ளப்படுவோர், இறைவனுக்காக வாதாடிய அந்நண்பர்களே. தல்முத்து இதனை வெறுங் கதையாக விடாது சட்டமாக்கியது. துன்பமும் நோயும் உற்றவனிடத்தும், மக்களைப் புதைத்தவனிடத்தும், யோபின் நண்பர் பேசியவாறு பேசுதல் சொல்லாற் செய்யுங் கொடுமை என அது விலக்கியது. மைமோனிடீசும் யோபு பற்றிய தம் விளக்கத்தில், இறைவனது பராமரிப்பும் மனிதரது பராமரிப்பும் பெயரளவில் மட்டுமே ஒன்று என வற்புறுத்துகின்றார். மனித நீதியின் அளவுகோலை அங்குக் கொண்டு செல்லுதல் இயலாது. ஆகவே நீதி உண்டு என்னும் கோட்பாடு, இன்னான் குற்றவாளி என்னும் தீர்ப்புக்கு ஒருபோதும் முதலாகாது.

அங்ஙனமாயின் எவர்மீதும் ஏற்றிக் கூறவியலாத அக்கோட்பாட்டினாற் பயன் யாது? மைமோனிடீசின் சட்டநூலாகிய 'மிஷ்னே தோரா' இதற்கு வழிகாட்டுகின்றது. சமுதாயத்துக்கு இடர் வரும்போது மக்கள் ஒன்றுகூடி முறையிட்டுத் தம் செயல்களை ஆராய்தல் வேண்டும் என்றும், இது உலக வழக்கு, தற்செயல் என்று கூறி வாளாவிருத்தல் கொடுமையின் வழி என்றும் அந்நூல் விதிக்கின்றது. இயற்கை நியதியை அவ்வளவு மதித்தவர் இவ்வாறு கூறியது முரணாகத் தோன்றலாம். கூர்ந்து நோக்கின் முரணில்லை. ஆராயப்பட வேண்டியவை மாண்டோர் செயல்கள் அல்ல. எஞ்சியிருப்போர் தம் செயல்கள். 'ஏன் அவனுக்கு நேர்ந்தது?' என்று பிறனை நோக்கி எழும்போது கொடுமையாவது, 'இதிலிருந்து யாம் திருந்த வேண்டியது யாது?' என்று தன்னை நோக்கி எழும்போது அறமாகின்றது. 20ஆம் நூற்றாண்டில், அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்ட பேரழிவின் பின்னர் 1956இல் உரைநிகழ்த்திய யோசேப் சொலொவெய்ச்சிக்கும், துன்பத்தின் காரணத்தைத் துருவுவதினும் துன்பத்தின் முன் மனிதன் செய்யத்தக்கது யாது என்று கேட்பதே யூத நெறி என்றார்.

சைவ சித்தாந்தத்தோடு இதனை ஒப்புநோக்குதல் பயனுடையது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் எனச் சித்தாந்தம் காரணத்தை மூவகைப்படுத்தும். இப்பகுப்பில் மண்ணின் இயல்பை ஆராய்தல் குயவனை மறுத்தலாகாது. குயவனை ஏற்றல் மண்ணின் இயல்பை மறுத்தலுமாகாது. அறிவியலும் இறைநம்பிக்கையும் ஒருங்கு நிற்பதற்கு இஃது இடமளிக்கின்றது. வினை அறிவற்றதாதலின் தானே சென்று பயனளிக்காது, இறைவனே அதனை ஊட்டுகின்றான் என்பதும் சித்தாந்தத் துணிபு. யோபின் நண்பர் இப்பிறப்பின் குற்றத்தையே தேடினர். வினைக்கொள்கையோ முற்பிறப்புக்கும் செல்கின்றது. இதனால் ஓர் ஆபத்து மிகுகின்றது. கண்ணாற் காணவியலாத முற்பிறப்பைக் காட்டி எவரையும் எளிதிற் குற்றவாளியாக்கலாம். ஆயின் ஒருவனது வினையை அறிந்து ஊட்டுபவன் பதியே என்பதைச் சித்தாந்தம் உண்மையில் ஏற்குமாயின், பிறர் வினையைத் தான் அறிந்ததாகப் பேசும் மனிதன் பதிக்குரியதைத் தனதாக்கிக் கொள்கின்றான் என்பதே பெறப்படும். 'அவன் செய்த வினை' என்று கூறி ஒதுங்குதல் சித்தாந்தத்தைப் பேணுதல் அன்று. அதனைப் பிழைபடப் பயன்படுத்துதலாகும்.

காரணத்தைச் சரியாகக் கண்டறிதலும் ஓர் அறக்கடமை என்பதற்கு இந்திய வரலாற்றில் தக்க சான்று உண்டு. ஒடெசாவில் 1860இற் பிறந்த யூதராகிய வால்டெமார் ஹவ்கின், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வாந்திபேதிக்குத் தடுப்பூசி கண்டு 1893இல் இந்தியா வந்தார். பம்பாயிற் கொள்ளைநோய் பரவியபோது அதற்கான தடுப்பூசியையும் ஆக்கி, 1897ஆம் ஆண்டு சனவரி 10ஆம் திகதி முதலிற் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். 1902இல் பஞ்சாப் மாகாணத்து முல்கோவால் என்னும் ஊரில் அத்தடுப்பூசி பெற்ற 107 பேருள் 19 பேர் ஏற்புவலியால் மாண்டனர். விசாரணையாளர் அவரது ஆய்வுகூடத்திலேயே பிழை நிகழ்ந்தது என்றனர், அவர் பதவியிழந்தார். ஆயின் இறந்த 19 பேரும் ஒரே குப்பியிலிருந்து மருந்து பெற்றவர்கள். அக்குப்பியைத் திறந்தபோது நிலத்தில் விழுந்த இடுக்கி முறையாகத் தூய்மையாக்கப்படாது பயன்படுத்தப்பட்டமை சான்றுகளிற் பதிவாகியிருந்தது. ரொனால்ட் ரொஸ் முதலிய அறிஞர் இதனை எடுத்துக்காட்டி வாதாட, 1907இல் ஹவ்கின் குற்றமற்றவர் என ஏற்கப்பட்டார்.

விதி என்று கூறி இச்சாவுகளை விட்டுவிட்டிருந்தால் அடுத்த இடுக்கியும் அவ்வாறே பயன்பட்டிருக்கும். அருகில் அகப்பட்ட ஒருவரைக் குற்றவாளியாக்கியதனாலோ ஐந்தாண்டுகள் ஓர் அறிஞர் அநியாயமாகத் துன்புற்றார். உண்மைக் காரணம் வெளிப்பட்ட பின்னரே நீதி பிறந்தது. ஹவ்கின் பிற்காலத்தில் யூத சமய ஒழுக்கத்திற் பெரிதும் ஈடுபட்டு, 1916இல் வைதிக யூத நெறிக்கு ஆதரவாக ஒரு கட்டுரையும் எழுதினார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. நுணுக்குக்காட்டியினூடே காரணம் தேடிய கண்ணும், இறைவனை நோக்கித் திரும்பிய கண்ணும் ஒருவருடையனவே. 1925இல் பம்பாய் ஆய்வுகூடத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது.

காரணத்தேட்டத்தின் மறுகோடியில் ஸ்பினோசா நிற்கின்றார். 1656இல் அம்ஸ்டர்டாம் யூத சமுதாயத்தினின்று விலக்கப்பட்ட அவர், கூரையினின்று வீழ்ந்த கல் ஒருவனைக் கொன்றால், காற்று ஏன் வீசியது, அவன் ஏன் அவ்வழி வந்தான் என்று வினவிக்கொண்டே சென்று, விடை காணவியலாத இடத்தில் இறைவிருப்பம் என்று புகலடைவது அறியாமையின் புகலிடமே என எள்ளினார். நம்பிக்கையாளரும் இவ்வெச்சரிக்கையைப் புறக்கணித்தல் தகாது. காரணம் தெரியாத இடைவெளிகளில் மட்டும் இறைவனைக் குடியிருத்தினால், அறிவு வளருந்தோறும் அவன் இடமிழப்பான். மைமோனிடீஸ் இறைவனை இடைவெளியிற் காணவில்லை. இயற்கை முழுவதன் ஒழுங்கிலே கண்டார். ஆதலின் அறிவின் வளர்ச்சி அவரது நம்பிக்கைக்கு இழப்பாகவில்லை.

மைமோனிடீஸ் தீமைகளை மூவகையாகவும் பிரித்தார். உடலும் உலகும் அழியுமியல்பின ஆதலின் வருவன ஒருவகை. மனிதர் பிறருக்கு இழைப்பன ஒருவகை. மனிதர் தமக்குத்தாமே இழைத்துக்கொள்வன ஒருவகை. இவற்றுள் முதல்வகை சிறுபான்மையே என்பது அவர் துணிபு. ஆழிப்பேரலை முதல்வகையைச் சார்ந்தது எனத் தோன்றும். ஆயின் சுமாத்திராவை அண்டிய கடலடியில் நில நடுக்கம் நிகழ்ந்ததற்கும் பெரலியவில் அலை புகுந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட அவகாசம் இருந்தது. அன்று இந்துமாக்கடலில் எச்சரிக்கை அமைப்பு இல்லை. நடுக்கம் இயற்கையின் செயல். அந்த அவகாசம் வீணானமை மனிதரது குறை. பின்னர் அவ்வமைப்பு நிறுவப்பட்டமையும், 2012 ஏப்பிரலில் மீண்டும் சுமாத்திராக் கடலில் நடுக்கம் ஏற்பட்டபோது இலங்கைக் கரையோர மக்கள் உயர்நிலம் சென்றமையும், துயரிலிருந்து திருந்துதல் என்பதன் பொருளை விளக்குகின்றன.

இரண்டாம் வகைத் தீமையைக் கொழும்பு நன்கறியும். 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் இல்லங்கள் எரிந்தபோது, வாக்காளர் பட்டியல்களோடு கும்பல்கள் வந்தன. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, கடல் பின்வாங்கியதாக மரபு கூறும் அதே கொச்சிக்கடைத் திருத்தலத்தில் வழிபட்டோர் நடுவே குண்டு வெடித்தது. நாட்டின் பிற தேவாலயங்களிலும் விடுதிகளிலுமாக அன்று 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் உரியோர் கடமை தவறினர் என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றை விதி என்றோ இறைசித்தம் என்றோ மட்டும் கூறுதல், பட்டியலை ஏந்திய கையையும் எச்சரிக்கையை மூடிவைத்த கையையும் மறைப்பதாகும். அது இறைவனுக்குச் செய்யும் பெருமையன்று. மனிதன் செய்த குற்றத்தை அவன்மேற் சுமத்துவதே.

எனவே காரணகாரிய ஆராய்ச்சியும் பராமரிப்பில் நம்பிக்கையும் பகையாதல் இன்றியமையாததன்று. 'எவ்வாறு நிகழ்ந்தது?' என்பதை அறிவியலும் நீதிமன்றமும் இறுதிவரை ஆராய்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியை இறைவன் பெயரால் இடைநிறுத்த எவருக்கும் உரிமையில்லை. 'இவருக்கு ஏன்?' என்பதற்குரிய விடை மனிதர் வாயில் வருதற்குரியதன்று. மாண்டோரின் உறவினர் தம் நெஞ்சில் இறைவனோடு வழக்காடினும் அவனிடத்தே ஆறுதல் கண்டாலும் அது அவர்தம் உரிமை. அயலார் அதனுட் புகுதல் தகாது. அயலாருக்குரிய வினா, இனிச் செய்யத்தக்கது யாது என்பதொன்றே. யோபின் நண்பர் அவனருகே ஏழு நாள் மண்ணில் அமர்ந்து மௌனமாயிருந்தனர். அவர்கள் செய்தவற்றுட் குறைகூறப்படாதது அதுவே.